கேரிசன் போடுவது எப்படி? மணி அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

கேரிசன் என்றால் கணினி உத்தி ஆட்டங்களில் ஆட்களைக் கட்டடத்துக்குள் நிறுத்துவது. ரொம்ப நாள் அதை ஒளிந்துகொள்ளும் இடம் என்றே நினைத்திருந்தேன். எதிரி வந்தால் மணியடி, எல்லோரும் உள்ளே, அவன் போனதும் வெளியே. இப்படியே வரிசையாகத் தோற்ற பிறகுதான் விஷயம் புரிந்தது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். வளம் சேர்ப்பது, வீடு கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும்தானே?

1. இடக் கணக்கு: டவுன் சென்டரில் (ஊரின் மையக் கட்டடம்) 15 பேர், காவல் கோபுரத்தில் 5, கோட்டையில் 20. குதிரைப்படைக்குக் கோட்டையில் மட்டும்தான் இடம்.

2. யாரை உள்ளே அனுப்புவது? நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். ஆளில்லாத டவுன் சென்டர் ஓர் அம்புகூட எய்யாது. ஒருமுறை வாள்வீரர்கள் பத்துப் பேரை உள்ளே தள்ளிவிட்டு அம்பு மழை பொழியும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எதிரி நிதானமாக என் வயல்களைக் காலி செய்துவிட்டுப் போனான். அம்பைக் கூட்டுவது கிராமவாசிகளும் வில்லாளிகளும்தான். வாள்வீரன் உள்ளே இருந்தால் அவன் காயம் ஆறும், அவ்வளவுதான். அவனை வெளியே நிறுத்துங்கள்.

3. மணியைத் தொடாதீர்கள். இது என் பிடிவாதம். அடித்தால் வரைபடத்தின் மறுமூலையில் தங்கம் வெட்டுகிறவன்கூட வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். வந்தது இரண்டே குதிரைகள், நின்றுபோனது மொத்தப் பொருளாதாரம்! ஆபத்தில் இருக்கும் ஐந்தாறு பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு கட்டடத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள். டவுன் சென்டரைத் தேட மவுஸ் வேண்டாம், ஹெச் விசை போதும். அடித்தே விட்டீர்களா? சரி, மறுபடி அழுத்தினால் அவரவர் பழைய வேலைக்குத் திரும்புவார்கள்.

4. எப்போது வெளியே விடுவது? மதிலை இடிக்கும் ராம் எந்திரம் வந்துவிட்டால் உள்ளே இருந்து பயனில்லை. அதன் மேல் அம்பு பட்டும் படாததுபோலத்தான். கிராமவாசிகளை இறக்கிக் கையால் அடித்தால் சீக்கிரம் உடையும். கட்டடத்தின் உயிர் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டமே எல்லோரையும் வெளியே தள்ளிவிடும், நிலைமையை அதுவரை போக விடாதீர்கள்.

அப்புறம், எல்லா ஆட்டத்திலும் கேரிசன் ஒன்றல்ல. சிவிலைசேஷன் 5-இல் நகரத்துக்குள் வில்லாளியை வைத்தால் அங்கிருந்தே எய்வான், ஆனால் நகரம் விழுந்தால் அவனும் போனான். ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் அது பிடித்த நாட்டை அடக்கி வைக்கும் படை. அங்கே குதிரைப்படையோடு ராணுவப் போலீஸ் சேர்த்த பிரிவுதான் என் தேர்வு. டாங்கிகளை அந்த வேலைக்கு வீணாக்க எனக்கு மனம் வராது.

பின்சேர்க்கை: "கோட்டையின் காலடியில் நிற்பவன் மேல் அம்பு விழவில்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆட்டத்தின் பல்கலைக்கழகக் கட்டடத்தில் மர்டர் ஹோல்ஸ் ஆய்வை முடித்தால் விழும். இன்னொருவர் என் இரண்டாம் படியையே மறுத்தார். அவர் சொன்னதும் சரிதான். ட்யூட்டன் இனத்திடம் கிரெனலேஷன்ஸ் என்ற ஆய்வு இருந்தால் உள்ளே இருக்கும் காலாட்படையும் அம்பு எய்யும். நான் அந்த இனத்தை எடுத்து ஆடியதே இல்லை.