கச்சான் அடிக்கும் ஊரில் ஒரு மரத்தவளைத் தொட்டி

நான் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். திருகோணமலையில் முப்பது வருடமாக இதுதான் தொழில். தவளை வளர்ப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. கொழும்பில் படிக்கும் மகன் ஒரு விடுமுறைக்கு ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை ஒன்றோடு வந்தான். போகும்போது தவளையை விட்டுவிட்டுப் போனான். கன்னத்துச் சதை தொங்கும், எப்போதும் சாப்பிட்டு முடித்த முகம். குண்டப்பா என்று பெயர் வைத்தோம்.

குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்புகளை வாசித்தால் சூடேற்றும் விளக்கு, சூடேற்றும் பாய் என்றுதான் தொடங்குவார்கள். நானும் நம்பி ஒரு விளக்கைப் பொருத்தினேன். அது ஜூன் மாதம், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம். குண்டப்பா தண்ணீர்த் தட்டிலேயே கிடந்தான், கரப்பானைக் காட்டினாலும் திரும்பவில்லை. தொட்டிக்குள் 36 பாகை! விளக்கைக் கழற்றியவன்தான், இன்றுவரை மாட்டவில்லை. எங்கள் ஊரில் தொட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை, ஆற்றத்தான் வேண்டும்.

இந்த இனத்துக்குப் பகலில் 24 முதல் 29 பாகை, இரவில் அதைவிடச் சற்றுக் குறைவு, ஈரப்பதன் 50 முதல் 70 வீதம் போதும். தோலில் மெழுகுபோல ஒரு பூச்சு இருப்பதால் மற்றத் தவளைகளைவிடக் காய்ந்த காற்றைக் கொஞ்சம் தாங்கும்.

முதலில் அளக்கும் கருவி. மலிவான டிஜிட்டல் ஈரமானி போதும், ஆனால் வாங்கியதும் நம்பாதீர்கள். ஒரு மூடியில் கறி உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் கூழாகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். எட்டு மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது. அதனால் அது சொல்வதோடு ஏழைக் கூட்டிக்கொள்கிறேன்.

அடுத்தது இடம். எங்கள் உப்புவெளி வீட்டுக்குச் சீற் கூரை, வெப்பம் மேலிருந்துதான் இறங்கும். தொட்டியை முதலில் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். நடு அறையில், தரையோடு ஒட்டிய பலகைக்கு மாற்றியதும் மூன்று பாகை குறைந்தது, செலவு ஒரு சதமும் இல்லை. மேற்குச் சுவரோரம் வேண்டாம், பின்னேர வெயிலும் கச்சானும் அந்தப் பக்கத்தால்தான் வரும்.

அதன் பிறகும் 30ஐத் தாண்டினால் ஈரத் துணி. தொட்டியின் வலைமூடியில் பாதியை நனைத்த பருத்தித் துணியால் மூடி, மேசைக் காற்றாடியை அதன்மேல் படும்படி மெல்லமாக ஓட விடுங்கள். காற்று நேரே தவளைமேல் படக்கூடாது, தோல் காய்ந்துவிடும். கச்சான் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்குமல்லவா, அதே வேலைதான் இது. காற்று காய்ந்திருக்கும்வரை நீர் ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மார்கழி மழையில் இதே துணி ஒன்றும் செய்யாது.

இன்னும் மோசமான நாட்களுக்கு அரை லீற்றர்ப் போத்தலில் தண்ணீரை உறைய வைத்து, துவாயால் சுற்றி, வலைமூடியின் ஒரு மூலையில் வைப்பேன். உள்ளே வேண்டாம், மேலேதான். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். பழைய பிரிட்ஜ்களில் ஐஸ் பெட்டி மேலே இருப்பதும் அதனால்தான். ஒரு மூலை மட்டும் குளிர்ந்தால் போதும், எங்கே உட்காருவது என்பதைக் குண்டப்பா பார்த்துக்கொள்வான்.

தண்ணீர் தெளிப்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். மத்தியானம் ஈரமானி 45 காட்டியதும் பதறிப்போய்த் தெளிப்பார்கள். தொட்டிக்குள் தண்ணீர் குறைந்திருக்காது, சூடு ஏறியிருக்கும். காற்று சூடானால் அதே ஈரத்துக்கு வீதம் குறைந்துதான் காட்டும். சூட்டைக் குறைக்காமல் காற்றோட்டமில்லாத தொட்டியில் தெளித்தால் அது புட்டு அவிக்கிற வேலை. விடியற்காலை ஒரு தரம், பொழுதுபட்ட பிறகு ஒரு தரம் தெளியுங்கள். இடையில் இலையும் கண்ணாடியும் காய வேண்டும்.

தெளிக்கவும் தட்டில் ஊற்றவும் எந்தத் தண்ணீர்? தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சும். எங்கள் கிணறு கொஞ்சம் உவர், அதைத் தொடவே மாட்டேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் துளிகளை விடுங்கள், அல்லது வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள். வாளியை நுளம்பு வலையால் மூட மறக்க வேண்டாம், டெங்குக்காரர்கள் வந்தால் உங்களுக்குத்தான் தலையிடி. அதே தோல் காரணத்துக்காக அந்த அறையில் நுளம்புச் சுருளும் பூச்சி ஸ்பிரேயும் கூடாது.

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று திரும்பினால் எல்லாம் தலைகீழ். ஈரமானி 85க்குக் கீழே இறங்காது. முதல் மழைக்காலத்தில் பழைய பழக்கத்தில் தெளித்துக்கொண்டே இருந்தேன். தொட்டியின் அடியில் பரப்பியிருந்த தும்புச்சோற்றில் (தென்னந்தும்புத் தூள்) வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து தொட்டி நாறியது. இப்போது மழை தொடங்கியதும் தும்புச்சோற்றை மாற்றி மெல்லிய படையாகப் போடுகிறேன், தெளிப்பதை நிறுத்துகிறேன், மூடித் துணியை எடுத்துவிட்டுப் பழைய கணினியிலிருந்து கழற்றிய சின்னக் காற்றாடியைக் காற்றை வெளியே இழுக்கும்படி வலைமேல் வைக்கிறேன். தண்ணீர்த் தட்டு மட்டும் எப்போதும் நிறைந்திருக்கும், நாளாந்தம் மாற்றுவேன். மழை இரவில் 23, 24 பாகைக்கு இறங்கினாலும் சூடேற்றி தேவையில்லை.

கரண்ட் போகிற நாட்களை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஐஸ் பெட்டியில் இரண்டு போத்தல் எப்போதும் கிடக்கும். மீன் வைக்க இடமில்லை என்று மனைவி திட்டுவாள். ஆனால் கச்சான் நாளில் கரண்ட் நின்றால் என்னை முந்திக்கொண்டு போத்தலைத் துவாயில் சுற்றுவதும் அவள்தான்.