பிரஷர் மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய தியானம்

தியானம் கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கேட்பது, "இன்று மாத்திரை போட்டீர்களா?" என்பதுதான். நாகப்பட்டினத்தில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மாலை நேரங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிரஷர், சுகர், மூட்டுவலி என்று ஏதாவது ஒன்றோடு மல்லுக்கட்டும் பெண்கள் கூடுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன். தியானம் உடம்புக்கு நல்லது செய்கிறது என்று மனதார நம்புகிறேன். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்காருகிறேன் என்று யாராவது சொன்னால், அவரைத் திண்ணையில் ஏற்ற மாட்டேன். அமெரிக்க இதயச் சங்கமும் 2017-ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு இதையே சொன்னது: இதய நோய் ஆபத்தைக் குறைக்கத் தியானம் உதவக்கூடும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.

உட்காருவதில் இருந்து தொடங்குவோம். முழங்கால் வலிக்கிறவர்கள் சம்மணம் போட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போதும். முதுகு சாய்ந்திருக்கட்டும், இரண்டு பாதங்களும் தரையில் பதியட்டும், கால் மேல் கால் வேண்டாம். உட்காரும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி நேரம் போகட்டும். ரத்த அழுத்தம் சரியாகப் பார்ப்பதற்கு என்னென்ன விதிகளோ, அவையேதான் இவையும். பஸ்ஸில் இடிபட்டு வந்து, வரிசையில் நின்று, மூச்சு வாங்க உட்கார்ந்தவர் கையில் உடனே பட்டையைச் சுற்றினால் அளவு ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்துவிட்டுப் பார்க்கும்போது குறைந்திருப்பதை வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மூச்சு. இதில்தான் நிறைய நேரம் செலவிடுகிறேன். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நொடிக்கு ஒன்று என்று எண்ணினால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். விடும் மூச்சை ஏன் நீட்டச் சொல்கிறேன்? மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு, மூச்சை விடும் நேரத்தில் இதயத்தைக் கூடுதலாக நிதானப்படுத்துகிறது. பிரஷர் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கிப் பிடிக்க வேண்டாம். தலை கிறுகிறுத்தாலோ விரல் நுனி மரத்தாலோ அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

எண்ணுவது பிடிக்காதவர்களுக்குச் சாமி பெயர் இருக்கிறது. இத்தாலியில் பாவியாவைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும் யோக மந்திரம் சொன்னாலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நிற்பதை அதில் கண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அத்தனை மகிழ்ச்சி. எங்கள் திண்ணையில் வேளாங்கண்ணிக்காரர் ஜெபமாலை உருட்டுகிறார், நாகூர்க்காரர் திக்ரு சொல்கிறார், மற்றவர்கள் முருகனையோ மாரியையோ அழைக்கிறார்கள். எந்தப் பெயரானாலும் வெளிவிடும் மூச்சில் இழுத்து, நிதானமாகச் சொல்ல வேண்டும். அவசரமாக முணுமுணுத்தால் மூச்சு நீளாது.

மனம் ஓடும். மீன் விலைக்கும் மகளின் பரீட்சைக்கும் போகும். போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள், அவ்வளவுதான். ஆனால் கண்ணை மூடினாலே நெஞ்சு படபடக்கிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. 2004 டிசம்பரில் தமிழ்நாட்டில் கடல் மிக அதிகமாக உயிர் கொண்டுபோனது எங்கள் மாவட்டத்தில். அந்த ஞாபகம் உள்ளவர்களைக் கண்ணை மூடு என்று நான் ஒருபோதும் வற்புறுத்துவதில்லை. கண் திறந்தே இருக்கட்டும். பாதம் தரையில் படுவதையோ எதிரே எரியும் விளக்கையோ கவனித்தபடி இரண்டு நிமிடம் போதும். அதிலும் பயம் கூடினால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி நல்ல எண்ணம். வலிக்கு ஊசி போடும்போது, "இது வலி குறைக்கும் மருந்து, கொஞ்ச நேரத்தில் இலேசாகும்" என்று சொல்லித்தான் போடுவேன். சொல்வதிலும் பலன் இருக்கிறது. டூரின் பல்கலைக்கழகத்தின் ஃபாப்ரிசியோ பெனடெட்டி, அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு வலி மருந்தைச் சொல்லிக் கொடுப்பதையும், அவர்கள் அறியாமல் இயந்திரத்தின் வழியே செலுத்துவதையும் ஒப்பிட்டார். அதே மருந்து, தெரியாமல் ஏறியபோது குறைவாகவே வேலை செய்தது. குறையும் என்ற எதிர்பார்ப்பே உடம்புக்குள் வலியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கவைக்கிறது.

ஆகவே மாத்திரையை டிவி பார்த்தபடி வாயில் போட்டு விழுங்காதீர்கள். உள்ளங்கையில் வையுங்கள், இது என் ரத்தக்குழாயைத் தளர்த்தப் போகிறது என்று நினையுங்கள், பிறகு தண்ணீரோடு விழுங்குங்கள்.

எல்லா நல்ல எண்ணமும் நன்மை செய்வதில்லை. காப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் உடல் எடை குறைக்க வந்த பெண்களை ஆராய்ந்தார். என்னால் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஏற்கனவே மெலிந்துவிட்டது போல இனிமையாகக் கனவு கண்டவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது. "எனக்கு நோயே இல்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டு மாத்திரையை மறந்தவர்களைக் கை கால் விழுந்த நிலையில் வார்டில் பார்த்தவள் என்பதால், இந்த வாக்கியத்தை எங்கள் திண்ணையில் யாரையும் சொல்ல விடுவதில்லை. தியானம் முடியும் நேரத்தில், அன்றைக்குக் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லிக்கொள்ளுங்கள். "இரவு சாப்பிட்டதும் மாத்திரை போடுவேன்." "இந்த வாரம் கருவாடு வாங்க மாட்டேன்." எங்கள் ஊரில் இரண்டாவதைச் சொல்வதற்குத்தான் உண்மையான தைரியம் வேண்டும், உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தடையையும் சேர்த்து நினைத்துவிடுங்கள்: "மகன் கேட்டால், கொஞ்சம் பச்சை மீன் வாங்கிக் குழம்பு வைப்பேன்."

எத்தனை நேரம் என்று கேட்பார்கள். காலையில் பத்து நிமிடம், முடிந்தால் இரவில் பத்து நிமிடம். பால்காரர் வரும் நேரத்தையும் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால், தியானம் முடிந்த கையோடு அளந்து அதை நம்பிவிட வேண்டாம். அந்த இறக்கம் சற்று நேரத்துக்குத்தான். காலையில் மாத்திரைக்கு முன், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, தியானத்துக்கும் முன்பாகவே அளந்து நோட்டில் எழுதுங்கள்.

நெஞ்சை அழுத்தும் வலி, ஒரு பக்கம் கோணும் வாய், தூக்க வராத கை, குழறும் பேச்சு – இவற்றில் ஒன்று வந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

வாரக்கணக்கில் செய்தபின் காலை அளவுகள் இறங்கிக்கொண்டே வந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, மாத்திரையை நீங்களே பாதியாக உடைக்காமல் அந்த நோட்டை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அளவைக் குறைப்பதா என்று அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.