மூட்டையில் வந்த பழைய ஸ்டார் வார்ஸ் லெகோவை முழு செட்டாக்குவது எப்படி?

பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டிக் கட்டும் பொம்மையான லெகோவில், ஸ்டார் வார்ஸ் படங்களை வைத்துச் செய்த செட்கள் 1999-இல் வரத் தொடங்கின. அந்த முதல் ஐந்தாண்டுச் செட்களைப் பிரிக்காத பெட்டியோடு வாங்க நினைத்தால் பர்ஸ் தாங்காது. பாதி பீஸ் காணாமல் தூசியும் மஞ்சளுமாகக் கிடப்பதை மூட்டையாக வாங்கி முழுமையாக்குவதுதான் நடக்கிற காரியம். ஆனால் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் செட் முழுமையாகிவிடாது. அந்தக் காலத்து நிறமும் அந்தக் காலத்து வார்ப்பும் (பீஸின் அச்சு வடிவம்) வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முதலில் சாம்பல் நிறம். 2003-2004 வாக்கில் லெகோ தன் சாம்பல்களை மாற்றியது. பழையதில் லேசான மஞ்சள் சாயல் இருக்கும், புதியதில் நீலம் ஓடும். லெகோவின் நிற எண்ணில் பழைய வெளிர் சாம்பல் 2, அடர் சாம்பல் 27; புதியவை 194, 199. பழுப்பும் அப்போதே 25-இலிருந்து 192-க்கு மாறிவிட்டது. 2000-இல் வந்த, 7190 என்ற செட் எண் கொண்ட மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தில் நாலு புதுச் சாம்பல் தகடுகள் கலந்திருந்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும்.

பிரித்துப் பார்க்க வெள்ளைத் தாளில் பரப்பி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டை நம்ப வேண்டாம். இன்னொரு பொறியும் உண்டு: வெயில் பட்டு மஞ்சளான புதுச் சாம்பல், மேலிருந்து பார்க்க அசல் பழைய சாம்பல் போலவே இருக்கும். திருப்பி, அடிப்பக்கக் குழாய்களுக்குள் பாருங்கள். வெளிச்சம் படாத அந்த இடம்தான் உண்மை நிறம். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் படமும் அடிப்பக்கப் படம்தான்.

வாங்கியதும் உடனே பிரிக்காதீர்கள். இரண்டு மூன்று பீஸ்களைச் சேர்த்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். இழுத்தால் காய்ந்த ஸ்டிக்கர் பொருக்காக உதிரும். மற்றவற்றை 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். துண்டில் பரப்பி ஃபேன் காற்றில் காயட்டும். ஸ்டிக்கர், துணி அங்கி, குரோம் பூச்சுள்ள லைட்சேபர் கைப்பிடி மூன்றும் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது.

மஞ்சள் நீக்க மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு போதும், 3 முதல் 6 சதவீதம். அதற்கு மேல் வலுவானது தோலைச் சுடும், பீஸையும் வெளுத்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஒளி ஊடுருவும் தட்டையான பாத்திரத்தில் பீஸ்கள் முழுதும் மூழ்கும்படி ஊற்றி வெயிலில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே ஆக்சிஜன் வாயு சேரும். பீஸ்களில் குமிழி ஒட்டி அவை மிதக்கும். நீருக்கு வெளியே நீட்டிய பகுதி திட்டுத்திட்டாக வெளுக்கும். மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அமுக்கி, மணிக்கொரு முறை கிளறிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நல்ல வெயிலில் 4 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். நம் சித்திரை வெயிலில் பாத்திரம் கொதித்துப் போகும் என்பதால் காலை வெயிலே மேல். வெள்ளையும் பழைய சாம்பலும் நன்றாகத் திரும்பும். நீலத்தை அடிக்கடி பார்த்து, போதுமென்றதும் எடுத்துவிடுங்கள், வெளிறிவிடும். சில வருடங்களில் மஞ்சள் திரும்ப வரலாம். லேசான மஞ்சளுக்கு இந்தப் பாடு தேவையில்லை என்பது எங்கள் கட்சி.

காணாத பீஸ்களுக்கு, பல கடைகள் லெகோ பீஸ்களை விற்கும் பிரிக்லிங்க் இணையதளத்தில் செட் எண்ணைப் போட்டு, முழுப் பட்டியலையும் 'வான்டட் லிஸ்ட்'டாக (வேண்டியவை பட்டியல்) மாற்றி, கையில் இருப்பதைக் கழித்துக்கொண்டே வாருங்கள். தெரியாத பீஸ் என்றால் அடியில் பொடி எழுத்தில் வார்ப்பு எண் இருக்கும். உதாரணமாக, 2x4 தகட்டின் எண் 3020. நிறப்பெயரில் 'லைட் கிரே' (பழைய வெளிர் சாம்பல்) கேளுங்கள், 'லைட் ப்ளூயிஷ் கிரே' (புதியது) அல்ல. வார்ப்பையும் பாருங்கள்: கிளிப் உள்ள 1x1 தகடு ஒன்றே 4085 என்ற எண்ணின் கீழ் a முதல் d வரை நான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, மெல்லிய கிளிப் முந்தியது. விலைக்கு, கடைசி ஆறு மாதம் உண்மையில் விற்ற விலையைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் கேட்கும் விலையை அல்ல. பத்துக் கடையில் ஒவ்வொரு பீஸாக வாங்கினால் தபால் செலவு செட்டை விழுங்கும். ஒன்றிரண்டு கடைக்குள் முடியுங்கள்.

பாதி விலை பொம்மை மனிதர்களில் இருக்கிறது. 2003 வரை முகங்கள் மஞ்சள். 2004-இலிருந்து தோல் நிறம். (2003-இல் வந்த 10123 கிளவுட் சிட்டி செட்டில் லாண்டோ என்ற பாத்திரம் பழுப்பு முகத்தோடு வந்தது விதிவிலக்கு. அதே செட்டின் போபா ஃபெட் பொம்மைக்குக் கையிலும் காலிலும் அச்சு உண்டு. அதனால்தான் போலியும் அதிகம்.) தலையைக் கழற்றி கழுத்துக் குமிழைப் பாருங்கள், லெகோ என்ற எழுத்து இருக்க வேண்டும். உடலின் பக்கவாட்டில், கைக்குக் கீழே முடியளவு விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இதற்கு மருந்து கிடையாது.

புதுப் பழுப்பும் அடர் சிவப்பும் இன்னொரு தலைவலி. 2004-க்குப் பிறகான பல வருடத்து வார்ப்பில் இந்த நிறங்கள் நொறுங்கும். 2005-இன் 10144 சாண்ட்கிராலர் முழுக்க அந்தப் பழுப்புதான். நகத்தால் நெம்பாமல் பிரிக்கும் கருவியால் மெல்ல அசைத்து எடுங்கள். கிளிப்புகளை முடிந்தவரை தொடாதீர்கள்.

ஸ்டிக்கர் பசை மிச்சத்தை சமையல் எண்ணெய் தடவி எடுக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருக்கும், அது பீஸையே கரைக்கும். காக்பிட் கண்ணாடிகள் பாலிகார்பனேட் என்பதால் ஸ்பிரிட் கூட வேண்டாம், சோப்பு நீர் மட்டும். பிரிக்காத பழைய ஸ்டிக்கர் தாளை அதிக விலைக்கு வாங்காதீர்கள், பசை செத்திருக்கும். நல்ல மறுபதிப்பு மேல்.

மாட்டும்போது லெகோவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் வழிகாட்டிப் பிடிஎஃப்பைத் திரையில் வெளிச்சம் கூட்டிப் பாருங்கள். அச்சில் கறுப்பும் அடர் சாம்பலும் ஒன்றாகத் தெரியும். அந்தக் காலத்துப் படிகளில் என்னென்ன பீஸ் என்று பெரும்பாலும் தனியாகக் காட்டியிருக்க மாட்டார்கள், முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் தேட வேண்டும். திட்டு விழுந்தவையும் மாற்று நிறத்தவையும் உள்ளே மறையும் இடங்களுக்குப் போகட்டும். எது எங்கே போனது என்று எழுதி வைத்து, விற்கும் நாளில் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள்.