பாலக்காட்டுக் கணவாய் வழியே ஒரு யவன ஒற்றனை நடத்திப் போவது எப்படி

முதலில் அவனை வியாபாரியாக்குங்கள். ஒற்றன் வேலையை அப்புறம் கொடுக்கலாம்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியொன்றில் வரலாறு நடத்துகிறேன். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நாடகம் எழுதுவது வழக்கம். மூன்று வருடமாக எங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் கதை இதுதான்: கேரளக் கரையில் இருந்த சேரர் துறைமுகமான முசிறியில் இறங்கிக் கருவூர் (இன்றைய கரூர்) வரை போகும் யவன மது வணிகன், அதாவது கிரேக்க, ரோம நாட்டு ஆள், உள்ளுக்குள் ஒற்றன். ஆள் கற்பனை, வழி நிஜம். முதல் வருடம் எழுதியதில் அவன் இடுப்பில் கத்தியோடு கோட்டைச் சுவர் ஏறினான். நாடகம் எடுபடவே இல்லை. சுவர் ஏறுகிறவனுக்கு மது வண்டி எதற்கு?

வழி காட்டியது என் மாமா. பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து விடியற்காலையில் கள்ளு வண்டி ஓட்டியவர். எந்த ஊரில் கல்யாணம், எங்கே அறுப்புக் கூலி கைக்கு வந்திருக்கிறது, எந்தக் குடும்பத்தில் சண்டை என்று எல்லாம் சொல்லுவார். “எப்படி மாமா தெரியும்?” என்றால், “கேன் எத்தனை காலியாத் திரும்புதுன்னு பார்த்தாப் போதும் சாமி” என்பார். உங்கள் ஒற்றனுக்கு இதுதான் ஆயுதம். அவன் எதையும் திருட வேண்டாம், விற்பனைக் கணக்கைப் பார்த்தால் போதும். போருக்கு முன் வீரர்களுக்குக் கள் வார்த்துக் கொடுப்பதைப் புறநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன. விழாவும் இல்லை, விருந்தும் இல்லை, ஆனால் ஒரு குறுநில மன்னன் வழக்கத்தைவிட நாலு மடங்கு கேட்கிறான் என்றால் வணிகனுக்கு விஷயம் புரிந்துவிடும். எங்கள் நாடகத்தில் கூட்டமே மூச்சுப் பிடித்து உட்கார்ந்த இடம் அதுதான். மேடையில் நடந்தது வெறும் பேரம்.

சரக்கைக் கையில் தூக்கிப் பார்த்த மாதிரி எழுத வேண்டும். மது வந்தது அடி கூம்பிய, இரண்டு காது வைத்த சுட்டமண் சாடியில். தொல்லியல்காரர்கள் ஆம்போரா என்பார்கள். முசிறி இருந்த இடமாகப் பலர் கருதும் பட்டணம் என்ற கேரளத்து ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் அதன் சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஒன்றில் சுமார் 26 லிட்டர் பிடிக்கும். சாடியும் மதுவும் சேர்ந்தால் நாற்பது கிலோ வரும். அடி கூர்மையாக இருப்பதால் தரையில் நிற்காது. வைக்கோல் பரப்பிச் சாய்த்து வைக்க வேண்டும். கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசியிருப்பார்கள், அந்த வாசனை மதுவிலும் ஏறும். பனங்கள் குடித்துப் பழகியவன் முதல் வாய் குடித்ததும் முகத்தைச் சுளிக்கட்டும். வாங்குகிறவன் பெரிய இடத்து ஆளாகவே இருக்க வேண்டும். முசிறிக்கு வந்த மது அதிகமில்லை என்று அக்காலக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பே சொல்கிறது. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணக்கும் தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தரக் குடி என்கிறார். ஆகவே இவன் சாடி இறக்கும் வாசல் ஒவ்வொன்றும் அதிகாரம் உள்ள வாசல். ஒற்றனுக்கு இதைவிட நல்ல சரக்கு எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது நாள் கணக்கு. தென்மேற்குக் காற்றைப் பிடித்து வருகிற கப்பல் புரட்டாசி வாக்கில் முசிறி சேரும், மார்கழியில் திரும்பும். முசிறியிலிருந்து கருவூர் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். மாட்டு வண்டி நாளைக்கு இருபது போனால் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். நடுவில் ஐப்பசி மழை. வண்டி சேற்றில் புதையும் ஓர் இரவையாவது எழுதுங்கள். ஆட்கள் வாய் திறந்து பேசுவது அப்போதுதான்.

என்ன தேடி வந்தான் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டேன். மிளகு என்றார்கள். மிளகுதான் துறைமுகத்திலேயே கிடைக்கிறதே. அவன் கண்ணை நொய்யல் ஆற்றங்கரைக்குத் திருப்பினோம். கொடுமணலில் கல்மணி பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். பக்கத்தில் படியூரில் பெரில் என்கிற நீலப்பச்சைக் கல் கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளலூரில் 1842-ல் ஐந்நூறுக்கும் மேல் ரோம வெள்ளிக் காசு தோண்டி எடுத்தார்கள். இவ்வளவு காசு எந்தக் கைக்குப் போகிறது, கல் எந்தக் குழியிலிருந்து வருகிறது, நடுவில் தரகர் எத்தனை பேர்? இந்த மூன்று கேள்வியோடு அவனை அனுப்புங்கள்.

இனி அவனைப் பார்க்கிற கண்களை எழுதுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். பெரும்பாணாற்றுப்படை காட்டுவது காஞ்சிப் பக்கத்து வழி. பலாப்பழம் போலப் புடைத்த மிளகுப் பொதியைக் கழுதைகள் சுமந்து போகின்றன, சுங்கம் வாங்கும் பெருவழியின் கிளைகளை வில்லாளிகள் காக்கிறார்கள். அந்த வில்லாளிகளை எங்கள் பக்கத்து எல்லை ஊரான வேலந்தாவளத்தில் நிறுத்தினோம். உப்பு வண்டி ஓட்டும் உமணர் குடும்பத்தோடு போகிறவர்கள், அந்தப் பெண்கள் எல்லாம் கவனிப்பார்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரை வைத்து, மூவர் சொல்லும் ஒத்தால் நம்பு என்கிறது குறள். ஆகவே சேரனுக்கும் மூன்று பேர் கொடுங்கள். யார் என்று பார்ப்பவருக்குச் சொல்லாதீர்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்ற பயமும் வேண்டும். சேர மன்னன் நெடுஞ்சேரலாதன் யவனரைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டித் தலையில் நெய் ஊற்றியதைப் பதிற்றுப்பத்து சொல்கிறது. ஆனால் சந்தேகம் எல்லாம் உண்மையாகாது. இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று சோழன் நெடுங்கிள்ளி கொல்லப் போனான், கோவூர்கிழார் பாடிக் காப்பாற்றினார். எங்கள் நாடகத்தில் வழியில் ஒரு பாணனைத் தவறாகப் பிடிக்கிறார்கள். யவனன் வாய் திறந்தால் பாணன் பிழைப்பான், இவன் மாட்டுவான். அந்த வேடம் போட்ட ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒத்திகையில் நிஜமாகவே அழுதுவிட்டான். அந்தக் காட்சியை நான் திருத்தவேயில்லை.

செய்தியை ஓலையில் எழுத வைக்காதீர்கள். பானை ஓட்டில் கீறட்டும். தமிழ் எழுத்து கீறிய ஓடுகள் கொடுமணலிலும் உண்டு, எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்திலும் உண்டு. உடைந்த சாடிச் சில்லை யார் சோதிப்பார்கள்?

அவனுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் வரும், ஆகவே முசிறியிலிருந்தே ஒரு மொழிபெயர்ப்பாளன் கூட வருவான். கடைசிக் காட்சியை மார்கழியில், வாளையாறு தாண்டிய இறக்கத்தில் வையுங்கள். கிழக்கிலிருந்து வறண்ட காற்று கணவாய்க்குள் அடிக்கிறது. யவனன் தூங்குகிறான். மொழிபெயர்ப்பாளன் வைக்கோலுக்குள் கை விட்டுச் சில்லை எடுக்கிறான். யவன எழுத்து அவனுக்குத் தெரியாது. கோடுகளை எண்ணுகிறான். ஒவ்வொரு வாசலிலும் அவனே இறக்கி வைத்த சாடிகளின் எண்ணிக்கை அது.