கிரவல் றோட்டில் ஊருக்கு: சைக்கிளோடு தாயகம் செல்வோருக்கு

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் "கிரவல் பைக்" என்று விற்கிறார்கள்: வளைந்த கைபிடி, அகன்ற ரயர், டிஸ்க் பிறேக். ஊரில் கிரவல் புதுச்சொல் அல்ல. தார் காணாமல், செம்பழுப்புச் சரளை பறித்து உருளை ஓட்டி இறுக்கிய பாதைக்கு வன்னியில் எல்லோரும் சொல்லும் பெயரே கிரவல் றோட்டுத்தான். இந்தச் சைக்கிளுக்கு வன்னியின் குளக்கட்டுகளையும், யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளையும், மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளையும்விடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது. ஆனால் எந்த மாதத்தில் எங்கே ஓடுவது என்பதைப் பிழையாக எடுத்தால் பயணம் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடப்பதாகவே முடியும்.

யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, காற்றுத்தான் ஏற்றம். புலத்தில் இருந்து பெரும்பாலானோர் வருகிற ஆடி, ஆவணியில் தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கும். காலையில் மெல்லியதாக இருக்கும், பத்து மணிக்குப் பிறகு வலுக்கும், பின்னேரம் முகத்தில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். யாழ் நகரில் இருந்து கோப்பாய், புத்தூர், நிலாவரைக் கிணறு, அச்சுவேலி, தொண்டைமானாறு வழியாகப் பருத்தித்துறை ஏறக்குறைய 35 கி.மீ. போகும்போது காற்று முதுகில் என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். மதியத்தில் திரும்பினால் அதே தூரம் மூன்று மணி நேரம் எடுக்கும். அதனால் சோளகக் காலத்தில் முதலில் காற்றுக்கு எதிரே போங்கள்: பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். பருத்தித்துறைப் பக்கம் போக வேண்டுமானால் ஒருவழியாக ஓடிவிட்டு வாடகை வான் ஒன்றில் திரும்புங்கள்.

நெடுந்தீவை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். கடல் கொந்தளிக்கும், படகு நிற்கவும் கூடும். மாசி, பங்குனிதான் அதற்கு நல்ல காலம்: கடல் அமைதி, நிலம் காய்ந்திருக்கும், பவளக்கல் மதில்களுக்கு இடையே வாகனமே இல்லாத பாதை. வடக்கு முழுவதற்கும் பெப்ரவரி, மார்ச்சே சிறந்த காலம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதே நேரம் அது காலபோக அறுவடைக் காலம். தார் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏறாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இறங்கி மறுபக்கத்தால் உருட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் வாடைமழை. குளங்கள் நிரம்பி வான் பாயும், வரைபடத்தில் உள்ள பாதையில் பாதி தண்ணீருக்குக் கீழே இருக்கும்.

இனிச் சைக்கிள். கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை ஊரில் கிடைக்காதவையே. முதலாவது, உங்கள் சைக்கிளின் சட்டத்துக்கே உரிய பின் கியர்த் தாங்கி, அதாவது பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறிய உலோகத் துண்டு. விமானத்தில் பெட்டி ஒருமுறை விழுந்தால் முதலில் வளைவது அதுதான். சட்டத்துக்குச் சட்டம் மாறுபடுவதால் ஊரில் எந்தக் கடையிலும் பொருந்தியது இராது. பின் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டி அனுப்புங்கள். இரண்டாவது, செயின் இணைப்புக் கண்ணி இரண்டு. மூன்றாவது, பிறேக் கட்டை இரண்டு சோடி, உலோகக் கலவையில் செய்தது. செம்மண் சேறு அரத்தைப் போல அராவும். மென்மையான பிசின் கட்டை ஒரு மழை வாரத்திலேயே அடித்தகடு வரை தேய்ந்துவிடும்.

ரயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உள்ளூர்க் கடையில் 28 என்று எழுதிய ரயர் தொங்கும். பழைய பாணிச் சைக்கிளுக்கான அதன் உள்விட்டம் 635 மி.மீ.; உங்கள் கிரவல் பைக்கின் 700சி அளவு வளையத்துக்கு வேண்டியது 622. போட்டால் தளர்ந்து கழன்றுவிடும். மெல்லிய பிரெஸ்டா வால்வுள்ள ரியூப்பும் சிறிய ஊர்களில் கிடைக்காது. ஆகவே மடிக்கக்கூடிய ரயர் ஒன்று, ரியூப் மூன்று கையில் இருக்கட்டும். பித்தளை வால்வு மாற்றி ஒன்றும் வையுங்கள். அது இருந்தால் பெற்றோல் செட்டிலும் காற்று அடிக்கலாம். இரண்டு மூன்று மாதம் தங்குபவர்களுக்கு 26 அங்குல மலைச் சைக்கிளே மேல், அதன் 559 மி.மீ. ரயரை எளிதாகத் தேடிப் பிடிக்கலாம். யாழ் ஒழுங்கைகள் மட்டும் போதும் என்பவர்கள் சொந்தக்காரர் வீட்டு லுமாலாச் சைக்கிளை எண்ணெய் போட்டு எடுத்தாலே போதும்.

முள் என்பது இங்கே தினப்படி விஷயம். நெருஞ்சியும் உடைமுள்ளும் ஒழுங்கை ஓரம் எங்கும் கிடக்கும். வேலி வெட்டிய நாளில் பாதை முழுக்கக் கிடக்கும். ரியூப் இல்லாத ரயரும், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவமும்தான் ஒரே மருந்து. 42 மி.மீ. ரயருக்கு 60 மி.லீ. ஊற்றுங்கள், புறப்படும் முன் புதிதாக. அங்கத்தைய வெப்பத்தில் சீக்கிரம் உறைந்துவிடும். மூன்றாவது வாரத்தில் சக்கரத்தைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சலசலப்பு கேட்காவிட்டால் இன்னொரு 30 மி.லீ. முள் தைத்தால் பிடுங்கிவிட்டு ஓட்டை அடிப்பக்கம் வரும்படி சக்கரத்தை நிறுத்தி ஒரு நிமிடம் விடுங்கள். அடைபடாவிட்டால் ரப்பர் திரியைச் செருகுங்கள்.

காற்றழுத்தம்: 75 கிலோ எடையுள்ளவருக்கு 42 மி.மீ. ரயரில் முன்னால் 28, பின்னால் 31 பிஎஸ்ஐ. ரியூப் போட்டிருந்தால் இன்னும் ஐந்து கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லுக்கும் வளையத்துக்கும் இடையே ரியூப் கடிபட்டு இரட்டைக் கீறல் விழும். மணற்காட்டு மணலில் 20 வரை இறக்கலாம். அப்படியும் புதைந்தால் இறங்கித் தள்ளுவதே சரி.

வன்னியில் தொடங்க நல்ல இடம் கிளிநொச்சி. இரணைமடுக் குளக்கட்டு, அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக வட்டக்கச்சி, முரசுமோட்டை, பரந்தன், திரும்பவும் கிளிநொச்சி: அரைநாள் வேலை. ஒரு பக்கம் வாய்க்கால் நீர், மறுபக்கம் வயல், எதிரே உழவு இயந்திரம் மட்டும். கிரவல் புதிதாகப் பறித்த இடத்தில் உருண்டைக் கற்கள் குண்டுமணி போலச் சறுக்கும். அங்கே முன் பிறேக்கைத் தொடாமல், வளைவுக்கு முன்னரே வேகம் குறைத்து உள்ளே போங்கள். உழவு இயந்திரமும் ரிப்பரும் ஓடி அலை அலையாகிப் போன பகுதியில் சக்கரத் தடத்தின் வெளி ஓரம் சற்று மென்மையாக இருக்கும்.

ஆனால் ஓரம் என்றால் பாதையின் ஓரம் மட்டும்தான். வன்னியிலும் முகமாலை, பளைப் பக்கமும் மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ கயிறோ கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும், புதிய சக்கரத் தடம் இல்லாத பாதையில் போக வேண்டாம். சலம் கழிக்கப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். சந்தேகம் என்றால் "அண்ணை, இந்த றோட்டால சனம் போய் வருதோ?" என்று கேளுங்கள். "போகலாம்" என்பது பதில் அல்ல. "நாங்கள் தினமும் போறனாங்கள்" என்பதுதான் பதில்.

மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை. நன்றாக விடிந்த பிறகு ஏறி, பின்னேரம் ஐந்துக்குள் இறங்கிவிடுங்கள். புதுச் சாணம் கண்டால் அன்றைய பாதை அத்தோடு முடிந்தது. குளத்தில் குளிக்கலாமா என்று ஊராரிடம் கேட்காமல் இறங்காதீர்கள், முதலை இருக்கும். இராணுவ முகாம்களைப் படம் எடுக்க வேண்டாம். குளக்கட்டுப் படத்தின் மூலையில் முகாம் வேலி விழுந்தாலே விசாரணை வரலாம். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள். கடித்தால் சவர்க்காரத்தால் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலை. அவசர ஊர்தி 1990, கட்டணம் இல்லை.

தண்ணீர் மணிக்கு 750 மி.லீ. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் உர நைத்திரேற்று கூட இருப்பதால் போத்தல் தண்ணீரே குடியுங்கள். வியர்வை உப்பாகச் சட்டையில் படியும் நாளில் பாமசியில் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூள் பக்கற்று வாங்கி ஒரு லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். பையில் ஒரு மெல்லிய சாரமும் வையுங்கள். இறுக்கமான சைக்கிள் உடையோடு வல்லிபுரக் கோயிலுக்குள்ளோ யாரின் வீட்டு முற்றத்துக்குள்ளோ போவது அழகில்லை. ஒழுங்கையில் "நீர் ஆற்றை பிள்ளை?" (யாருடைய பிள்ளை?) என்று ஒரு ஆச்சி கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள், வழியும் அவரே சொல்வார்.

மலையகத்துக்குக் கணக்கு வேறு. ஆடி, ஆவணியில் ஹற்றன், நுவரெலியா மழையில் நனையும், ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். எனவே விடுமுறைக்கு வருபவர்கள் அப்புத்தளையை எடுங்கள். 1,430 மீற்றரில் இருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை 10 கி.மீ., அங்கிருந்து லிப்ரன் இருக்கை வரை இன்னும் 7. உச்சி ஏறக்குறைய 1,970 மீற்றர். இங்கே பின் பல்சக்கரத்தைவிட முன் பல்சக்கரம் சிறியதாக இருப்பது அவசியம்: முன்னால் 40 பல், பின்னால் 44, அல்லது 30க்கு 34. பாதை ஒற்றைத் தடம், முச்சக்கர வண்டிகள் வளைவில் நடுவால் வரும். பனிப்புகார் ஏறும் முன் உச்சியில் நிற்க ஆறு மணிக்கே புறப்படுங்கள். கல் பதித்த தோட்டப் பாதைகளில் அழுத்தத்தை நாலு பிஎஸ்ஐ கூட்டுங்கள். குறுக்கே போகும் தண்ணீர்க் கான்களில் சக்கரத்தை நேராக இறக்குங்கள். இறக்கத்தில் பிறேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடித்தால் தகடு கொதிக்காது.

தோட்டத்துக்குள் நுழையும்போது காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அன்று எடுக்கும் கொழுந்தின் நிறையைப் பொறுத்ததே கூலி. கேட்காமல் படம் எடுப்பதும், நிற்கவைத்து நேரம் எடுப்பதும் தவறு. குளவிக் கூடு எங்கே என்று அவர்களிடமே கேளுங்கள். குளவி கொட்டு அங்கே உயிரைப் பறிக்கும் விபத்து. கிளம்பினால் சைக்கிளைப் போட்டுவிட்டு முகத்தை மூடி ஓடுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அதற்கு முன் பதிந்த வரைபடத் தடங்களை அப்படியே நம்பாதீர்கள். "அண்ணே, இந்த ரோடு கீழ் டிவிசன் வரைக்கும் போகுதா?" என்று லயத்தில் கேட்ட பிறகே இறங்குங்கள், இல்லாவிட்டால் இறங்கிய 400 மீற்றரையும் திரும்ப ஏறவேண்டி வரலாம்.