சென்னை–சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்? கணக்கு சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு முதன்முறையாகக் கிளம்பும் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். "போக ஏழு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம்கூட இல்ல" என்பார்கள். டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சென்னையில் இரவு 11.15க்கு ஏறி, காலை 6.05க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கழித்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பும்போது இரவு 8.00க்கு ஏறி 9.45க்குச் சென்னை. ஆனால் டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போட்டது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள்: 4 மணி 20 நிமிடம், 4 மணி 15 நிமிடம். லண்டன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி நேரம், மற்ற மாதங்களில் ஐந்தரை.

அடுத்த தவறு, கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் செய்வது. தூரம் சுமார் 2,900 கி.மீ., விமான வேகம் மணிக்கு 900, ஆகவே மூன்றே கால் மணி நேரம்! அந்த 2,900 என்பது பூமி உருண்டையின்மேல் நூல் பிடித்து அளந்த தூரம். விமானம் வான்வழித் தடங்களைப் பிடித்துச் சற்று வளைந்துதான் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. டிக்கெட் நேரமோ, விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி. குறுந்தூரத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாக உதைக்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் ஏறத்தாழ 355 கி.மீ.தான், வகுத்தால் 24 நிமிடம். அந்தத் தடத்தில் பறக்கும் ஏடிஆர் விசிறி விமானத்தின் வேகமே மணிக்கு 500 கி.மீ. அளவுதான். பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

தூரம் காட்டும் இணையதளத்தில் 1,580 என்று வந்தால் பதற வேண்டாம், அது கடல் மைல். ஒன்றுக்கு 1.852 கி.மீ.

"பூமி கிழக்கே சுழலுதில்ல, அதனால மேற்கே போனா சீக்கிரம் போயிடலாம்" என்ற வாதம் டீக்கடையில் நன்றாக எடுபடும். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. உண்மையில் நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுவதால், கிழக்கே போவதுதான் விரைவு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே அட்லாண்டிக் வழியை விட்டு, கிழக்கே பசிபிக் வழியாகத் திருப்பியது. தூரம் 13,900இலிருந்து சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியது, பயண நேரமோ குறைந்தது. சிங்கப்பூர்த் தடம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதால் அங்கே இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கடைசியாகச் சொல்வது காசைக் கரைக்கும் தவறு. டிக்கெட்டில் 15ஆம் தேதி, 00.40 என்று இருக்கும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். விமானம் முந்தின இரவே போயிருக்கும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும் என்பதால், 14ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கு மீனம்பாக்கத்தில் இருங்கள்.