முல்லைப்பெரியாறை இரண்டு பக்கமும் பேசுவது எப்படி? விவாதம் பழகுவோருக்கு ஒரு செய்முறை

கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் இருந்துகொண்டு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி விவாதிப்பது எளிதல்ல. அணை எங்களுக்கு மேலே இருக்கிறது. அடைமழை நாட்களில் ஆற்றோர லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அக்காவையோ மகளையோ கட்டிக்கொடுத்த ஊர் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பமாகவோ கூடலூராகவோ இருக்கும். அங்கே நெல் விளைவது இந்தத் தண்ணீரில்தான்.

இங்கே ஒரு வாயனசாலையில் (படிப்பகத்தில்) ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குகிறேன். அதில் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசை இது. மேடையில் எப்படி நிற்பது, மைக்கை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை.

படி 1: தலைப்பை ஒரே கேள்வியாக்குங்கள்

"முல்லைப்பெரியாறு பிரச்சினை" என்று தலைப்பு வைத்தால் ஒருவர் அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கைப் பேசுவார், மற்றவர் நிலநடுக்கத்தைப் பேசுவார். கடைசிவரை இரண்டும் மோதவே மோதாது. "பழைய அணைக்குக் கீழே புதிய அணை கட்ட வேண்டும்" என்று வையுங்கள். கட்டலாம் என்பது கேரளத் தரப்பு, கூடாது என்பது தமிழ்நாட்டுத் தரப்பு, இரண்டே பக்கம்.

படி 2: இரு அணிக்கும் ஒரே தகவல் தாள்

ஒரு ஏ4 தாள் போதும். தேதி, அளவு, யார் என்ன செய்தார் என்பது மட்டும். அநியாயம், துரோகம் போன்ற சொற்கள் அதில் வரக்கூடாது. எங்கள் தாளில் இருப்பது இவ்வளவுதான்: 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுடன் பிரிட்டிஷ் அரசு செய்த 999 ஆண்டுக் குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895-ல் முடிந்த சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) அணை. 1970-ல் வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாகி, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. 1979-ல் பாதுகாப்பு அச்சத்தால் நீர்மட்டம் 136 அடியாகக் குறைந்தது, அதன்பின் அணையைப் பலப்படுத்தினார்கள். 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அடுத்த மாதமே கேரளம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று வரம்பு வைத்தது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது.

2014 தீர்ப்பை இந்தியன் கானூன் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். நீளமானது. முதலில் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் விடை சொல்ல எடுத்துக்கொண்ட கேள்விகள், இருக்கும் இடத்தைத் தேடிப் படியுங்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் சொன்ன விடையைப் படியுங்கள். யூடியூப் விளக்கம் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளைத் திரும்பவும் தீர்ப்புக்கே அனுப்புகிறேன். விளக்குபவர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பார், கேட்பவருக்கு அது தெரியாது.

படி 3: எதிர்த்தரப்பை எழுதி, எதிர்த்தரப்பிடமே காட்டுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முதல் விவாதத்துக்குக் கேரளத் தரப்பை நானே எழுதிக் கொடுத்தேன். "அணை பழையது, உடையப் போகிறது, எல்லாரும் சாகப் போகிறோம்" என்ற அளவில்தான் இருந்தது. தமிழ்நாட்டுத் தரப்புப் பையன் "நிபுணர் குழுக்கள் பார்த்துவிட்டன, உடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். கைதட்டல். பின்வரிசையில் ஆற்றோரத்தில் வீடுள்ள மலையாளி சேட்டன் ஒருவர் எழுந்தார். "சாரே, இது எங்க வாதம் இல்ல" என்றார். "நாளைக்கே உடையும்னு நான் சொல்லல. தண்ணி அங்க போகுது, பயம் இங்க இருக்கு. இந்தப் பயத்துக்கு என்கிட்ட யாரு சம்மதம் வாங்கினா?"

அன்று மேடையில் கேரளத் தரப்பே பேசப்படவில்லை. என் மனதில் இருந்த கேரளத் தரப்பை நானே எழுதி, நானே தோற்கடித்திருந்தேன். தோற்கும்படி எழுதியது எனக்கே தெரியவில்லை என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம்.

இப்போது செய்வது இது. தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை ஐந்து வரியில் எழுதுங்கள். அதை அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். "ஆமாம், நான் சொல்ல நினைத்தது இதுதான்" என்று அவர் சொல்லும்வரை வலப்பக்கத்தைத் தொடாதீர்கள். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. கடைசியில் கேரளத் தரப்பு இப்படி நின்றது: ஆபத்து சிறிதாகவே இருக்கட்டும், அது நிகழ்ந்தால் இழப்பு முழுவதும் ஒரு பக்கத்துக்கு, பயன் முழுவதும் மறு பக்கத்துக்கு. அந்நிய ஆட்சிக்காலத்தில் ஒரு மன்னர் போட்ட கையெழுத்து இன்று கீழே வாழ்பவர்களை எதுவரை கட்டும்? புதிய அணை வந்தாலும் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தருகிறோம் என்கிறோமே.

தமிழ்நாட்டுத் தரப்பைக் கம்பத்தில் ஒரு விவசாயியிடம் காட்டினோம். "நாங்கள் கட்டிய அணை" என்ற வரியை அவரே அடித்துவிட்டார். "அதைச் சொன்னா பேச்சு சண்டையாயிரும், தம்பி. பழைய அணை போனா பழைய ஒப்பந்தமும் போயிரும், அதுதான் எங்க பயம்" என்றார். தீர்ப்பு வந்த பிறகும் ஒரு மாநிலம் ஏற்கவில்லை என்றால், நாளை கொடுக்கும் வாக்கை எதை வைத்து நம்புவது என்றும் கேட்டார். எங்கள் பிள்ளைகள் எழுதிய எந்த வரியையும்விட இது வலுவாக இருந்தது.

படி 4: வாதங்களைப் பிரித்து வையுங்கள்

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'நடப்பு', 'சட்டம்', 'நியாயம்' என ஒன்றைக் குறியுங்கள். அணை உறுதியாக இருக்கிறதா என்பது நடப்பு. தீர்ப்பை மீறிச் சட்டசபை சட்டம் போடலாமா என்பது சட்டம். ஆபத்தை யார் சுமப்பது என்பது நியாயம். நியாயக் கேள்விக்குச் சட்ட வரியைப் பதிலாகச் சொன்னால், அந்தப் பதிலை நடுவர் கணக்கில் எடுக்கக் கூடாது. எங்கள் விவாதங்களில் பாதிச் சண்டை இந்தக் குறிப்பிலேயே அடங்கிவிட்டது.

படி 5: பக்கத்தைக் கடைசியில் சொல்லுங்கள்

பேச்சுக்குப் பத்து நிமிடம் முன்னால் நாணயம் சுண்டுங்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், மறுப்புக்கு இரண்டு. முன்பே பக்கம் தெரிந்தால் பிள்ளைகள் பாதித் தாளைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ஆற்றங்கரை லயத்தில் குடியிருக்கும் ஒரு பெண் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுத் தரப்பு விழுந்தது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார், என் அத்தை கம்பத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பேசினாள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த கூடலூர் வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டார்: "தீர்ப்பை மீறிக் கேரளம் போட்ட சட்டம் தப்பென்றால், ஜல்லிக்கட்டுக்கு நாம் போட்ட சட்டம் மட்டும் எப்படிச் சரி?" நல்ல கேள்வி. தமிழ்நாட்டுத் தரப்பு பேசுபவர் இதற்குத் தயாராகாமல் வரக்கூடாது. ஜல்லிக்கட்டைத் தடுத்த தீர்ப்பும் அதே 2014 மே 7-ல்தான் வந்தது. 2017-ல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் செய்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. முந்தைய தீர்ப்பு எந்தச் சட்ட நிலையின் மேல் நின்றதோ அந்த நிலையையே திருத்தம் மாற்றிவிட்டது என்பது அங்கே எடுபட்டது. கேரளச் சட்டமோ, இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் அணையின் பாதுகாப்பு பற்றி எடுத்த முடிவையே புரட்டப் பார்த்தது என்றது 2014 தீர்ப்பு. இந்த வேறுபாடு போதுமானதா என்பதை எங்கள் பிள்ளைகள் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த ஞாயிறு தலைப்பு அதுதான். தாள் தயாராகிறது, இடப்பக்கம் மட்டும்.